பாடி மேம்பாலத்தில் நின்ற கார்

ஆடிப்பெருக்கு அன்று பாடி மேம்பாலத்தில் கார் நின்றபோது உள்ளே இருந்தவர்கள் இவர்கள்: ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் தம்பி சண்முகசுந்தரம், அவன் பக்கத்தில் நான், பின்சீட்டில் ஜன்னலோரம் அவன் மனைவி புஷ்பா, நடுவில் அவர்கள் மகள் ரேணுகா, மறு ஓரத்தில் ரேணுகாவுக்கு மாமியாராக வரவிருந்த வரலட்சுமி அம்மாள். மாப்பிள்ளை உதயகுமார் பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முகூர்த்தப் புடவை எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். ஆடியில் கல்யாணத் துணி எடுக்கமாட்டார்கள். பதினெட்டாம் பெருக்குக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் புறப்பட்டு, ஆவடி தாண்டி, மேனாம்பேட்டில் சம்பந்தி அம்மாளை ஏற்றிக்கொண்டு, சி.டி.எச். ரோட்டிலேயே பாடி வரைக்கும் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் இரண்டு முறை குலுங்கியது. பிறகு எஞ்சின் அடங்கிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை.

சண்முகம் பானெட்டைத் திறந்து கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்றினான். பெட்ரோல் வந்து தங்கும் கிண்ணம் வறண்டிருந்தது. அந்தக் காரில் பெட்ரோல் முள் வேலைசெய்து பல வருடம் ஆகிறது. அதனால் டிக்கியிலிருந்து மூங்கில் குச்சியை எடுத்து, டேங்கைத் திறந்து உள்ளே விட்டுப் பார்த்தான். குச்சி பாதிக்கு நனைந்து வந்தது.

"டேங்க்ல இருக்குது. ஜெட்டுலதான் அடைப்பு" என்றான்.

ஜெட் என்பது பெட்ரோலைப் பீச்சும் துளையுள்ள சின்னத் திருகாணி; அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். திரும்பப் பூட்டி, பம்பின் நெம்புகோலைக் கையால் அழுத்தி அழுத்திப் பெட்ரோலை ஏற்றினான். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. அதற்குள் வரலட்சுமி அம்மாள் இறங்கி மகனுடைய பைக்கில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க வாங்க அண்ணே. நாங்க கடையாண்ட நிக்கிறோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முகத்தில் கோபம் இல்லை. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மிஷின் நின்றால் அடுத்த மிஷினுக்குப் போய்விடுவது அவருக்குப் பழக்கம். புடவை எடுத்தோம். அரக்கு நிறம், மாம்பழ பார்டர். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் புஷ்பா கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடையின் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பழைய பியட், வெள்ளை நிறம். சண்முகம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவன். நாங்கள் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்; குவார்ட்டர்ஸில் இருந்து, பணி ஓய்வுக்குப் பிறகு முத்தாபுதுப்பேட்டையில் அடுத்தடுத்த தெருவில் வீடு கட்டினோம். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடமிருந்து அவன் அந்தக் காரை வாங்கினான். அதில் அவன் கை படாத திருகாணி கிடையாது. பெட்ரோல் டேங்கின் மூடி துருப்பிடித்துப் போனபோது, சினேகிதன் ஒருவனுடைய லேத்தில் பித்தளையில் புதுமூடி கடைந்து போட்டான். டேங்குக்குள் காற்றுப் போக நடுவில் ஒரு ஊசித்துளையும் போட்டான்.

நிச்சயதார்த்தத்தன்று உதயகுமார் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "மாமா, மாப்ள அழைப்புக்கு இதுலயே வந்துர்றேன். அலங்கார வண்டிலாம் வாணாம்" என்றான். சண்முகம் அன்று சொன்ன வார்த்தை: "இந்தக் கார்லதான் உங்கள அழைச்சிக்கினு வருவேன்." எங்கள் குடும்பத்தில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கியதில்லை.

அடுத்த வாரம் கார் இன்னொரு முறை நின்றது. திருமுல்லைவாயில் அம்மன் கோயில் ஒன்றில் கூழ் வார்த்தார்கள். வரலட்சுமி அம்மாளின் அக்கா நாகம்மாள் வந்திருந்தார். திரும்பும்போது அவரை மேனாம்பேட்டில் விடுவதற்காக ரேணுகா காரில் ஏற்றிக்கொண்டாள். வீட்டை எட்டுவதற்கு முன்னால் அதே குலுங்கல், அதே அடக்கம். சண்முகம் குச்சி விட்டுப் பார்த்தான், ஜெட்டை ஊதினான், கார் கிளம்பியது. நாகம்மாள் இறங்கும்போது ரேணுகாவின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் உதயகுமார் போன் செய்தான். ரேணுகா அதை ஸ்பீக்கரில் போட்டாள்; எங்கள் முன்னால் மறைக்க அவளுக்கு ஒன்றும் இல்லை.

"பெரிம்மா ஒரே ரப்ச்சர் ரேணு. பொண்ணு ஏறுனா வண்டி நின்னுக்குது, ரெண்டு தபா ஆயிடுச்சு, எதோ தடை கீதுன்றாங்க. வர்ற வெள்ளிக்கிழம கோயில்ல பூ போட்டுப் பாக்கணுமாம்."

"உங்கம்மா இன்னா சொன்னாங்க?"

"அம்மா சரின்னும் சொல்லல, வாணாம்னும் சொல்லல. அக்கா பேச்ச தட்ட மாட்டாங்க."

"பூ சேப்பா வந்துச்சுன்னா?"

"வராது" என்றான்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் பாதத்தில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பெண் பார்ப்பதற்கு முன்னால் அதைச் செய்வார்கள், அது வழக்கம். நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, புடவையும் எடுத்த பிறகு எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பூ போட்டுப் பார்ப்பது வழக்கமில்லை, அவமானம். சிவப்பு வந்தால் கல்யாணம் நிற்கும். வெள்ளை வந்தாலும், சந்தேகப்பட்டுக் கோயிலில் சோதித்து எடுத்த பெண் என்ற பேச்சு ரேணுகாவோடு அந்த வீட்டுக்குள் போகும்.

"தனியா நான் மார்க்கெட்டு போனப்போகூட நின்னுச்சு அண்ணா" என்றான் சண்முகம். "அன்னிக்கு ரேணுகா எங்க இருந்தா? ஊட்லதான இருந்தா?"

"அத யார் பாத்தாங்க?" என்றேன்.

"வாடகைக்கு ஒரு கார் எடுத்துடலாமே" என்றாள் புஷ்பா.

"எடுத்தா? நம்ம பொண்ணு ராசியாலதான் நின்னுச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றான் சண்முகம்.

அவன் சொன்னது சரி. வெள்ளிக்கிழமைக்குள் கார் ஏன் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்து, கையில் எடுத்துக் காட்ட வேண்டும். அதைத் தவிர வேறு வழி இல்லை.

மெக்கானிக் உத்தமனை வரச்சொன்னோம். அம்பத்தூரில் ஓ.டி. பஸ் நிலையத்துப் பக்கம் அவனுக்கு ஒரு தகரக் கொட்டகை. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அவனிடம்தான் போவார்கள். பேச்சைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வந்ததும் காரைச் சுற்றிப் பார்த்து, டயரை ஒரு உதை உதைத்தான்.

"இன்னா சார், வண்டிய கோயில் தேராட்டம் ஆக்கி வெச்சிக்கீறீங்க? எங்க பாத்தாலும் பொட்டு."

புஷ்பா வெள்ளிதோறும் காருக்குப் பொட்டு வைப்பாள். அந்த ஆடியில் தினமும் வைத்தாள்.

"இருக்கட்டும். வேலைய பாருப்பா" என்றான் சண்முகம்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கொல்லையில் புஷ்பாவும் பக்கத்து வீட்டு சுதாவும் சீர்முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டியிலிருந்து எண்ணெய்ப் புகை வாசல்வரை வந்தது. உத்தமன் கார்புரேட்டரை முழுசாகக் கழற்றி, செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினான். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினான். ஊசியை மாற்றினான். பெட்ரோல் பம்பைப் பிரித்து அதற்குள் இருந்த ரப்பரை மாற்றினான். குழாய்களை ஊதினான்.

"சூட்டுல பெட்ரோல் ஆவியாவுது சார். பம்ப் மேல ஈரத்துணி சுத்துங்க."

சுற்றிப் பார்த்தோம். ஆவடி மார்க்கெட் வரைக்கும் போய், திரும்பும் வழியில் நின்றது. சண்முகம் கிண்ணத்தைப் பார்த்தான், வறட்சி. குச்சியை விட்டான், இருந்தது. ஜெட்டை ஊதினான், கிளம்பியது.

"பாத்தியா, ஜெட்டுதான்" என்றான் சண்முகம்.

"ஜெட்டு பளிங்காட்டம் கீது சார். நா கய்வனத வுட இன்னா கய்வ முடியும்?"

"அப்ப ஊதுனா ஏன் கிளம்புது?"

"உங்க வாய் அப்பேர்ப்பட்ட வாய். அத்த கேட்டு இன்னா பண்றது?"

முறுக்குத் தட்டோடு வந்த சுதா சிரித்துவிட்டாள். சண்முகம் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் அவன் கடைந்த பொருள் அளவு தவறித் திரும்பியதில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்காததன் காரணம் தெரியாமல் அவன் இரண்டு இரவு சரியாகச் சாப்பிடவில்லை. புஷ்பா கருவாட்டுக் குழம்பு வைத்தும் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் உத்தமன் மறுபடியும் வந்தான். பழைய உதிரிக் கடையில் தேடி, டேங்குக்குள் இருக்கும் மிதவையையும் முள்ளையும் கொண்டுவந்திருந்தான்.

"இது எதுக்கு?" என்றேன்.

"பெரியவரே, மாப்ள உள்ள குந்திகினு கீறப்போ, மாமனாரு டேங்க்ல குச்சி வுட்டு ஆட்டினா நல்லாவா கீது? முள்ளு வேல செய்யட்டும். கெத்தா இருக்கும்."

அதைப் பொருத்தினான். முள் எழுந்து பாதியில் நின்றது. ஒரு நீண்ட ஓட்டம் ஓடிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. சண்முகம் ஓட்ட, நானும் உத்தமனும் ரேணுகாவும் ஏறிக்கொண்டோம். ரேணுகா வேண்டுமென்றே ஏறினாள்.

"நான் ஏறுனா நிக்குதுன்னுதானே சொல்றாங்க. நிக்கட்டும். என் கண்ணால பாக்கறேன்."

பூந்தமல்லி வரைக்கும் போகலாம் என்று கிளம்பினோம். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் நின்றது. வானம் மேற்கே கறுத்திருந்தது. சாலையோரம் ஒரு டீக்கடை. சண்முகம் பானெட்டைத் திறந்தான். கிண்ணம் வறட்சி. உள்ளே எட்டி முள்ளைப் பார்த்தான். பாதி டேங்க் காட்டியது. ஜெட்டை ஊதினான். பம்பை அழுத்தினான். சாவியைத் திருப்பினான். கிளம்பவில்லை.

இதற்குமுன் இப்படி ஆனதில்லை. மறுபடியும் ஊதினான். மறுபடியும் அழுத்தினான். கிண்ணத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை.

"வாய் ராசி போச்சா சார்?" என்றான் உத்தமன்.

"சும்மா இருடா."

உத்தமன் தானும் முயன்றான். பம்பிலிருந்து குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினான். கன்னம் ஒட்டிப் போயிற்றே தவிரப் பெட்ரோல் வரவில்லை. "பின்னாலேர்ந்து யாரோ இழுத்துப் புடிக்கற மாரி கீது நைனா" என்று வாயைத் துடைத்துக்கொண்டான். தூறல் விழுந்தது. டீக்கடைக்காரர் அழைத்தார், மசால்வடையும் டீயும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"இந்த முள்ள நம்பறதுக்கில்ல" என்று சண்முகம் திடீரென்று டிக்கியைத் திறந்து குச்சியை எடுத்தான். ரேணுகா டீ கிளாஸோடு காரின் பின்பக்கம் நின்றிருந்தாள். அவன் பித்தளை மூடியைத் திருகித் திறந்தான்.

"அப்பா" என்றாள் ரேணுகா.

"இன்னா?"

"மூடிய தொறந்ததும் அது மூச்சு இழுத்துச்சு."

"எது?"

"டேங்க்கு. உஸ்ஸுன்னு உள்ள இழுத்துச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

தொழிற்சாலை இரைச்சலில் சண்முகத்தின் காது எப்போதோ மந்தமாகிவிட்டது. உத்தமன் முன்பக்கம் போய்ப் பம்பை அழுத்தினான். கிண்ணம் நிரம்பியது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பியது. ஜெட்டை யாரும் தொடவில்லை.

சண்முகம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மேல்பக்கம், நடுவில், காசு அகலத்துக்குச் சந்தனம். அதன்மேல் மஞ்சள், அதன்மேல் குங்குமம், மறுபடியும் சந்தனம். ஆடி பிறந்ததிலிருந்து நாள்தோறும் வைத்துக் காய்ந்து, கல்லாக இறுகியிருந்தது. மூடியைத் திருப்பி, உள்பக்கத்திலிருந்து வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தான். அவன் போட்ட துளையில் வெளிச்சம் வரவில்லை.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் டேங்க் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இத்தனை நாளும் குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்றுப் போயிருக்கிறது. கார் அதனால் கிளம்பியிருக்கிறது. பெயர் ஜெட்டுக்குப் போயிருக்கிறது.

உத்தமன் சிரிக்க ஆரம்பித்தான். "ரெண்டு நாளா கார்புரேட்டர தலகீழா தொங்கவுட்டு அடிச்சிக்கினு கீறேன், திருடன் பின்னால பொட்டு வெச்சிகினு குந்திக்கீறான்!" சண்முகத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

சண்முகம் கட்டைவிரல் நகத்தால் சுரண்டப் போனான். ரேணுகா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா. அம்மா வேண்டுதல்."

பித்தளை என்றால் புஷ்பாவின் கை சும்மா இருக்காது. விளக்கைப் போலவே அந்த மூடியையும் புளிபோட்டுத் துலக்கி, நடுவில் பொட்டு வைப்பாள். 'வண்டிக்கு வாய் அதுதானே' என்பாள். ஒவ்வொரு வாரமும் துலக்கியதால் முன்பெல்லாம் அடைக்கவில்லை. ரேணுகாவின் கல்யாணம் குறைவில்லாமல் நடக்க வேண்டும் என்று ஆடி முதல் நாளில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: தாலி ஏறும்வரை தினமும் பொட்டு வைப்பேன், வைத்த பொட்டைத் துடைக்கமாட்டேன்.

மூடியைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கொல்லையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த புஷ்பாவிடம் ரேணுகாதான் சொன்னாள். புஷ்பா சட்டியில் கிடந்த முறுக்கு சிவக்கும்வரை இருந்து, அரித்து எடுத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். நான் சொன்னது இதுதான்:

"கார்புரேட்டர் மாத்தியாச்சுன்னு சம்பந்தி வீட்ல சொல்லுவோம். அதுக்கு மேல யாருக்கும் தெரிய வேணாம். இப்ப பொண்ணு ராசின்னு சொல்றாங்க. இத சொன்னா, தாய் வெச்ச பொட்டே தடையா நின்னுச்சுன்னு சொல்லுவாங்க. அது இதவிட மோசம்."

"அண்ணா சொல்றதுதான் சரி" என்றான் சண்முகம்.

வாசற்படியில் கை துடைத்துக்கொண்டிருந்த உத்தமன் தலையை நீட்டினான். "அப்போ அத்தினி நாளும் உத்தமனுக்குக் கார்புரேட்டர் பாக்கத் தெரிலன்னு ஆவும். அம்பத்தூர் பூரா சொல்லுவானுங்க."

"ஒரு கல்யாணத்துக்காகப் பொறுத்துக்கப்பா."

"பொறுத்துக்கறேன் பெரியவரே. ஆனா நாளைக்கு அவங்க பூ போட்டா இன்னா பண்ணுவீங்க? கார்புரேட்டர் மாத்திட்டா பூ போட மாட்டாங்களா?"

புஷ்பா உள்ளே போய், முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"எங்க போற?" என்றான் சண்முகம்.

"மேனாம்பேட்டுக்கு."

"அங்க எதுக்கு?"

"நான் வெச்சது. நான்தான் சொல்லணும்."

"மானம் போயிடும் புஷ்பா."

"நாளைக்குக் கோயில்ல என் பொண்ணு நிக்கறப்போ போறது யார் மானம்?"

என் தம்பி மனைவி என் முன்னால் அவ்வளவு உரக்கப் பேசிக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை சம்பந்தி வீட்டுக்குத் தனியாகப் போவது முறையில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். பஸ்ஸில் பெண்கள் பக்கம் அவளும் பின்னால் நானுமாக நின்றுகொண்டு போனோம். மூடி அந்தத் துணிப்பையில் இருந்தது. டேங்கின் வாயில் துணியை அடைத்துவிட்டு எடுத்து வந்திருந்தாள்.

வரலட்சுமி அம்மாள் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவர் கணவர் தங்கவேல் எழுந்து எனக்கு நாற்காலி போட்டுவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நாகம்மாள் கீழே உட்கார்ந்து நாளைய பூஜைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தும் புஷ்பா தயங்கவில்லை. உட்காரவும் இல்லை.

"அண்ணி, வண்டி நின்னது எம் பொண்ணால இல்ல. என்னால." மூடியை எடுத்து நீட்டினாள். கார் ஏன் நின்றது, குச்சி விட்டால் ஏன் கிளம்பியது என்று அவள் பேச்சிலேயே சொன்னாள். "வண்டி இது வழியாதான் மூச்சு விடுது. பொட்டு வெச்சி வெச்சி நான் மூக்க அடைச்சிட்டேன். வேண்டுதல். தொடச்சா தெய்வ குத்தம். தொடைக்கலன்னா வண்டி நிக்கும். உங்க கையில குடுத்துட்டேன். எனக்கு மறைக்கத் தெரியல."

நாகம்மாள் நாரைக் கீழே வைத்தார். "அய்ய, இன்னாம்மா சொல்ற? பெத்தவ வெச்ச பொட்டே பொண்ணுக்குத் தடையா வந்துக்கீது! இதுக்கு மேல இன்னா பாக்கணும் வரலச்சுமி?"

நான் பயந்தது இதைத்தான். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

வரலட்சுமி அம்மாள் மூடியை வாங்கி, விளக்கடியில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தார். உள்பக்கத் துளையில் உதட்டை வைத்துக் கன்னம் உப்ப ஊதினார். காற்றுப் போகவில்லை. மறுபடியும் ஊதினார்.

"அட, சிமிட்டி வெச்சி பூசுன மாரி கீதே!" என்று சிரித்துவிட்டார். "எங்க லைன்ல இதே கததான். மிஷின் ஓடலன்னா பொண்ணுங்க மேல பாயுவானுங்க. பாத்தா பாபின்ல நூல் சிக்கிக்கினு இருக்கும்."

"நீ சிரி. நாளிக்குப் பூ போட்டா தெரியும்" என்றார் நாகம்மாள்.

"எதுக்கு போடணும் அக்கா? தெரியாதத கேக்கத்தான் பூ போடுவாங்க. அடைச்சது இன்னான்னுதான் கையில கீதே. இத்த வெச்சிகினு போயி அம்மன கேட்டா, கண்ணு இல்லியாடி உனக்குன்னு அது என்னயே கேக்கும்."

"வேண்டுதல்?" என்றார் நாகம்மாள்.

"அதான் யோசிக்கிறேன் இரு." மூடியின் ஓரத்தை விரலால் தடவினார். "அண்ணி, ஓட்ட நடுவுலதான் இருக்கணுமா? ஓரத்துல போட்டா ஆவாதா?"

புஷ்பா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்: "எங்க போட்டாலும் காத்து போகும்."

"அப்போ பொட்டு அது எடத்துல இருக்கட்டும். சம்பந்திய ஓரமா ஒண்ணு குத்தச் சொல்லுங்க. சட்டைக்கு பட்டன் காஜா ஓரத்துலதான எடுக்கறோம்? நடு மார்லயா எடுக்கறோம்?"

தங்கவேல் அதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். புஷ்பா அதுவரைக்கும் நின்றுகொண்டிருந்தவள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். வரலட்சுமி அம்மாள் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தார். நாகம்மாள் கட்டி முடித்த பூவில் ஒரு முழம் கிள்ளி, யாரையும் பார்க்காமல், புஷ்பாவின் மடியில் வைத்தார். அது என்ன நினைப்பில் வைத்தது என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை யாரும் கோயிலுக்குப் போகவில்லை.

சண்முகம் மூடியின் விளிம்பில், சந்தனம் உதிராதபடி துணியைச் சுற்றிப் பிடித்து, கை டிரில்லால் சின்னதாக ஒரு துளை போட்டான். அரைநாள் எடுத்துக்கொண்டான். உத்தமன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு பூந்தமல்லிக்கும் பாடிக்கும் போய் வந்தோம். கார் எங்கேயும் அடங்கவில்லை. ஆவணியில் கல்யாணம் அம்பத்தூர் மண்டபத்தில் நடந்தது. வேண்டுதலும் முடிந்தது.

மாப்பிள்ளை அழைப்பில் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது, இரண்டு வீட்டாரும் சேர்ந்து தள்ளித்தான் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று குவார்ட்டர்ஸ் பக்கம் இன்னமும் ஒரு பேச்சு இருக்கிறது. அன்று காருக்கு முன்னால் நடந்து வந்தவன் நான். ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரில் கார் நின்றது உண்மை. சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பெண்களோடு நடந்து வந்த புஷ்பாவை ஏற்றிக்கொள்வதற்காக, மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரலட்சுமி அம்மாள் நிறுத்தச் சொன்னார். அவரே கதவைத் திறந்து நகர்ந்து இடம் கொடுத்தார். யாரும் காரைத் தள்ளவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.